ஹாரன் அத்தை சத்தம் போடாத நாள்

எங்கள் அத்தை பயப்படாத பொருள் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பல்லி, இடி, லிஃப்ட், ஊசி, விசில் அடிக்கப் போகிற குக்கர், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் எல்லாமே அவளுக்குப் பயம்தான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைப் போலத் தைரியசாலி கிடையாது என்பார்கள். காரணம் அவளுடைய தொண்டை. பேருந்துப் பணிமனையில் விடியற்காலையில் வண்டிகளைக் கூட்டிக் கழுவுவது அத்தையின் வேலை. பின்பக்கமாக வரும் பேருந்துக்கு அவள் ‘நில்லு’ என்று ஒரு குரல் கொடுத்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவனும் காலை ஊன்றிவிடுவான். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே ‘ஹாரன் அக்கா’ ஆனது. இப்போது எங்கள் வீட்டிலேயே அவள் ஹாரன் அத்தைதான்.

அவள் கத்துவது தைரியத்தால் அல்ல, பயத்தால் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். இருட்டில் தனியாக நடக்கிறவர்கள் பாட்டுப் பாடுவார்கள் இல்லையா, அதே சங்கதிதான். அத்தைக்குப் பாட்டு வராது, அதனால் திட்டுவாள். வீட்டிலிருந்து பணிமனைக்குப் போகும் சந்து முழுக்க, குழாயைச் சரியாக மூடாதவனையும், குப்பையைத் தொட்டிக்கு வெளியே போட்டவளையும், லீவு தராத சூப்பர்வைசரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே போவாள். அந்தத் திட்டில்தான் எங்கள் தெரு கண் விழிக்கும்.

அவளுடைய பயங்களில் பெரியது காட்டுப்பன்றி. அதில் மட்டும் யாரும் அவளைக் கேலி செய்ய முடியாது.

ஊர் முடிகிற இடத்தில் முட்புதரும் ஓடையுமாக ஒரு காடு தொடங்குகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் பன்றி என்றால் காட்டுக்குள் இருக்கும் ஒன்று. நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் அவை சந்துக்கே வந்துவிட்டன. குப்பைத் தொட்டியை மூக்கால் கவிழ்த்துவிட்டு, குடும்பத்தோடு நின்று தின்னும். அப்பா மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு காலையில் வளைவில் ஒரு பன்றி குறுக்கே பாய்ந்தது. சாலை முழுக்கப் பால் ஓட, அதன் நடுவில் அப்பா கிடந்தார். இப்போது அவர் காலுக்குள் ஒரு கம்பி இருக்கிறது. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்.

அதற்குப் பிறகுதான் பன்றிகளைச் சுட அனுமதி வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து திரையில் படம் காட்டினார். ஒரு தாய்ப்பன்றி, அது போடும் குட்டிகள், அந்தக் குட்டிகள் போடும் குட்டிகள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நிறைந்துவிட்டது. எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெண் பன்றிகளைத்தான் சுட வேண்டும் என்றார் அவர். ஓர் ஆணைச் சுட்டால் அந்த இடத்துக்கு இன்னோர் ஆண் வரும், வேறு ஒன்றும் மாறாது. அப்பா ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டி, “என்னை இடிச்சது ஆணா பெண்ணான்னு நான் பார்க்கலைங்க” என்றார். மண்டபமே சிரித்தது. அத்தை மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இத்தனையுமா சந்துக்கு வரும்?” என்று என்னைக் கேட்டாள். அவள் கை என் முழங்கையை நெரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு துப்பாக்கியோடு வந்தவர்கள் பெண் பன்றிக்காக வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது ‘ஒற்றை’. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கிழட்டு ஆண் பன்றியைத்தான் அப்படிச் சொல்வார்கள். வாயின் இரண்டு பக்கமும் வளைந்த கோரைப்பல் இருக்கும். அந்தத் தலையை வெட்டிப் பதப்படுத்தி வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்கள். அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட, கடைசி நாளில் வேண்டாவெறுப்பாக இரண்டு பெண் பன்றிகளைச் சுடுவார்கள். அதன் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வருடம் வந்தவர் ஒரு பெரிய கட்டட கான்ட்ராக்டர். அவருடைய புது வீட்டுக்கு வயரிங் செய்தது எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன். ஹாலில் ஒரு சுவரைக் காலியாக விட்டு, அதற்கு மேலே கீழ்நோக்கி வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கும் போடச் சொன்னாராம். “என்ன சார் மாட்டப் போறீங்க?” என்று அண்ணன் கேட்டதற்கு, இனிமேல்தான் சுட வேண்டும் என்றாராம். “பன்னி வர்றதுக்கு முன்னாடியே பல்பு வந்துடுச்சு” என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் தேடிக்கொண்டு போக மாட்டார்கள். காட்டின் ஒரு முனையில் வெட்டிவிட்ட பாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுமுனையிலிருந்து நாங்கள் வரிசையாக, கை தட்டினால் கேட்கும் தூரத்துக்கு ஒருவராகச் சத்தம் போட்டுக்கொண்டே நடந்து வருவோம். சத்தத்துக்குப் பயந்து பன்றிகள் முன்னால் ஓடும். இதற்குக் கலைப்பு என்று பெயர். ஆட்களைச் சேர்த்து நடத்துகிறவர் ஒரு மேஸ்திரி. மற்ற நாட்களில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர்.

வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம் உண்டு. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் பெயின்ட் டப்பா. எனக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். அத்தைக்கு எதுவும் தேவையில்லை, வாயே போதும். சந்தில் திட்டுவது போலவே காட்டிலும் திட்டிக்கொண்டு நடப்பாள். “ஏண்டா, உனக்குக் காடு பத்தலியா? என் தம்பி கால்தான் கிடைச்சுதா?” என்று அவள் புதரைப் பார்த்துக் கேட்கும்போது வரிசையே சிரிக்கும்.

இந்தச் சத்தம் பன்றிக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான். புதர் அடர்த்தியாக இருப்பதால் துப்பாக்கிக்காரர் கண்ணுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். சத்தம் வரும் பக்கம் துப்பாக்கி திரும்பக் கூடாது என்பது சட்டம். அப்படியானால் சத்தம் இல்லாத இடத்தில் புதர் அசைந்தால் அது பன்றி. எங்கள் ஊர்க் குழாய்க்காரர் முன்பு ஒரு கலைப்பில் செருப்பில் ஏறிய முள்ளை எடுக்கக் குனிந்தார். அதுவரை அடித்துக்கொண்டு வந்த மணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் முள்ளைப் பிடுங்கினார். அவ்வளவுதான், குண்டு பாய்ந்துவிட்டது. இன்று அவரால் ஒரு குழாய் மூடியைக்கூடத் திருக முடியாது, வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதிலிருந்து இன்னொரு சட்டமும் வந்தது. பக்கத்து ஆளின் சத்தம் நின்றுவிட்டால் நாம் ‘ஆள்’ என்று கத்த வேண்டும். அதைக் கேட்டவர் திருப்பிக் கத்த வேண்டும். அப்படியே அது மேஸ்திரி வரைக்கும் போனால் அவர் நீளமாக விசில் ஊதுவார், துப்பாக்கிகள் தரையைப் பார்க்கும்.

வரிசையில் சேர அத்தையை யாரும் வற்புறுத்தவில்லை. அப்பா விழுந்த பிறகு அவளாகவே மேஸ்திரியிடம் போய் நின்றாள். காட்டைப் பார்த்தாலே நடுங்குகிறவள் அங்கே ஏன் போகிறாள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கரப்பானுக்குப் பயந்தவர்தானே முதலில் துடைப்பத்தை எடுப்பார்?

நான் போனதற்கு அவ்வளவு நல்ல காரணம் கிடையாது. பள்ளி முடிந்து, எங்கும் வேலை கிடைக்காமல், நான்கு சுவருக்குள் கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தேன். ஏதாவது நடந்தால் போதும் என்று இருந்தது. அப்பா கூடாது என்றார். அத்தை முதலில் அவரைவிட அதிகமாகக் கூடாது என்றாள், நான் விடவில்லை என்றதும் மேஸ்திரியிடம் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள்.

காட்டு ஓரத்தில் அவள் என் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“வாய மட்டும் மூடாத. தட்டு கீழ விழுந்தா பாட்டுப் பாடு, பாட்டு வரலன்னா என்னத் திட்டு. வாய மூடினா அங்க இருக்கிறவங்களுக்கு நீயும் பன்னிதான், தெரிஞ்சுதா?”

தெரிந்தது. தட்டையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

காலையில் இரண்டு கலைப்புகளும் வீணாயின. ஒரு பன்றிகூட வெளியே வரவில்லை. இரண்டாவதில், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தண்ணீர் குடிக்க நின்றதற்கு அண்ணன் ‘ஆள்’ என்று கத்திவிட, விசில் ஊதி எல்லாமே நின்றுபோனது. பாதையிலிருந்து கான்ட்ராக்டர் எங்களைப் பார்க்க வந்தார். கோபமாக இல்லை, நல்லபடியாகத்தான் பேசினார். அத்தையைப் பார்த்து, “நீங்கதான் அந்த ஹாரனா? நல்லா சத்தம் கொடுத்துப் பெரிய ஒண்ணா ஓட்டி விடுங்கம்மா” என்றார்.

“நான் கத்தினா பெருசு சின்னதுன்னு பார்த்தா வரும்? நீங்க பார்த்துச் சுடுங்க சார், அது போதும்” என்றாள் அத்தை.

அவர் சிரித்தார். அவர் போன பிறகு மேஸ்திரியின் முகம் மாறியது. இனிமேல் தும்மினதுக்கும் இருமினதுக்கும் ஆள் ஆள் என்று கத்துகிறவர்கள் அடுத்த தடவை வர வேண்டாம் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் எல்லோருக்கும் அது மனதில் ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அண்ணனுக்கு அது நாக்கையே கட்டிப்போட்டிருந்தது.

மூன்றாவது கலைப்பு ஓடைப் பக்கம். அங்கே புதர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. எனக்கு இடது பக்கம் அத்தை, அவளுக்கு அந்தப் பக்கம் அண்ணன். நடக்கத் தொடங்கியதும் அவர்கள் இருவரும் என் கண்ணிலிருந்து மறைந்தார்கள். தட்டின் சத்தம் என் காதையே அடைத்தது. அதற்கு நடுவிலும் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. சூப்பர்வைசரைத் திட்டி முடித்துவிட்டு, கான்ட்ராக்டரின் விளக்குக்கு வந்திருந்தாள். “சுவத்துல மாட்டணுமாம்! அவன் வீட்டுல கண்ணாடி இல்லியா?” அந்தக் குரல் எனக்குக் கைப்பிடி மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு அது நின்றது.

வார்த்தையின் நடுவில் நின்றது. ‘நாளைக்கு’ என்று ஏதோ தொடங்கி, ‘நா’வோடு நின்றுவிட்டது.

எங்கள் வரிசையில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கூட்டி அந்த இடத்தை நிரப்புவார்கள். அவர் தண்ணீர் குடித்துச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்குவார். ‘ஆள்’ என்று கத்தி வேலையைக் கெடுக்காமல், பக்கத்து ஆளையும் காட்டிக்கொடுக்காமல் செய்கிற உதவி. அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தட்டைப் பலம்கொண்ட மட்டும் அடித்தேன். அந்தப் பக்கம் அண்ணனின் டப்பாவும் சூடு பிடித்தது. அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

எனக்கு முன்னால் புதரில் ஏதோ கனமாக ஓடியது. நேராகப் போய்க்கொண்டிருந்தது, என் தட்டுச் சத்தத்தில் திரும்பி இடது பக்கம் வளைந்தது. அண்ணன் பக்கத்திலும் கிளைகள் முறிந்தன. அந்தச் சத்தம் இந்தப் பக்கமாக வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் சத்தத்தைக் கூட்டினால், நடுவில் மிச்சம் இருக்கும் ஒரே அமைதியான இடம் அத்தை நிற்கிற இடம். காட்டில் இருக்கும் அத்தனை பன்றிகளையும் அவள் மேல் நாங்களே ஓட்டிக்கொண்டிருந்தோம். அங்கே புதர் அசையும். பாதையில் உட்கார்ந்திருப்பவர் அந்த அசைவைப் பார்ப்பார். அங்கே சத்தம் இருக்காது.

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. அதுவும் தப்பு என்று உடனே தெரிந்தது, இப்போது நானும் பன்றி. கத்த வேண்டும். மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? உயிர் போகிற நேரத்தில் அவர் முகம்தான் வந்தது. பிறகு குழாய்க்காரரின் தொங்கும் கை வந்தது. “ஆள்!” என்றேன். அது பூனை கத்தியது போல இருந்தது. மறுபடி கத்தினேன். அந்தப் பக்கமிருந்து அண்ணன் அதை வாங்கிக் கத்தினார், அவருக்கு அப்பால் இன்னொருவர் கத்தினார்.

விசிலுக்கு முன்னால் வெடி கேட்டது.

வெடிச் சத்தத்தை அதுவரை தூரத்திலிருந்துதான் கேட்டிருந்தேன். கிட்டத்தில் அது காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. இலைகள் கொட்டின. அதன் பிறகு விசில் நீளமாக ஊதிக்கொண்டே இருந்தது. நான் இடது பக்கம் ஓடினேன். முள் முகத்தைக் கிழித்ததெல்லாம் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ‘அத்தை, அத்தை’ என்று கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியாது.

ஓடைக்கு இறங்கும் சரிவில் அவள் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறவர்கள் பொத்துவது போல அல்ல. குழந்தை கத்திவிடாமல் அதன் வாயை இறுகப் பொத்துவோமே, அப்படி. அவளுக்கு முன்னால், காய்ந்த ஓடைக்குள் ஒரு பெண் பன்றி நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் கோடு போட்ட குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தன. பன்றியின் முதுகு மயிர் நட்டுக்கொண்டிருந்தது. அதுவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் உடம்பு உதறியது.

நான் வந்த சத்தத்தில் அது சரிவில் ஏறியது. பாதைப் பக்கம் போகவில்லை, எங்கள் பக்கமே வந்தது. எனக்கும் அத்தைக்கும் நடுவில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், குட்டிகளோடு பின்னால் ஓடிக் காட்டுக்குள் போய்விட்டது. அதன் நாற்றமும் சூடும் என் காலில் பட்டன. அத்தை கையை எடுக்கவே இல்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

கான்ட்ராக்டர் நாற்காலியையும் துப்பாக்கியையும் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருடைய குண்டு அத்தையின் தலைக்கு மேலே ஒரு கிளையை முறித்திருந்தது. அந்தக் கிளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா, நான் பன்னின்னு... சத்தமே வரலியே” என்றார். பிறகு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் மேஸ்திரியின் கொட்டகையில் விசாரணை நடந்தது. சாரக் கம்புகளுக்கு நடுவே பெஞ்சு போட்டு, வனத்துறை அம்மா உட்கார்ந்திருந்தார். அத்தை வேண்டுமென்றே சத்தத்தை நிறுத்தினாள் என்று தெரிந்தால் கலைப்பு அனுமதியையே ரத்து செய்துவிடுவார்கள் என்று மேஸ்திரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா சத்தத்தை நிறுத்தினீங்க?”

“பயங்க” என்றாள் அத்தை.

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ஹாரனுக்கே பயமா என்று ஒரு குரல் வந்தது. திடீரென்று பன்றியைப் பார்த்தால் யாருக்குத்தான் நாக்கு எழும் என்று மேஸ்திரி அவசரமாகச் சொன்னார். அந்த அம்மா தலையசைத்து எழுதிக்கொண்டார். அத்தை இனி வரிசையில் நிற்க வேண்டாம், சுட்டவர் இந்த வருடம் சுட வேண்டாம் என்று முடிந்தது. தொண்டை கட்டிய இடத்தைப் பக்கத்து ஆள் நிரப்பும் பழக்கமும் அன்றோடு போயிற்று.

வீட்டில் அப்பா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு, அது பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குப் பயந்தேன்னு ஒருத்தர்கூடக் கேக்கல” என்றாள்.

“இதுல கேக்க என்னக்கா இருக்கு? பன்னிக்குத்தான்.”

“பன்னிக்கு முதல்ல பயந்தேன். அப்புறம் அது என்னப் பார்த்து நடுங்குச்சுடா. நான் வாயத் தொறந்தா அது எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியும், அங்க அவர் துப்பாக்கியோட உக்காந்திருக்கார். இத்தனை வருஷம் கத்துறேன், என் சத்தம் எங்க போய் விழுதுன்னு நான் பார்த்ததே இல்ல. நேத்துப் பார்த்துட்டேன். அதுக்குத்தான் பயந்தேன்.”

அப்பா தைலத்தை மூடி வைத்தார். “அந்தக் குட்டியெல்லாம் பெருசாகி ரோட்டுக்கு வரும்க்கா” என்றார்.

“வரும்டா.”

“வேற யாராவது பால் எடுத்துட்டு வருவாங்க.”

“நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லலியே” என்றாள் அத்தை. “நீ விழுந்த அன்னிக்கு நான்தான் பாலக் கழுவி விட்டேன். எனக்குத் தெரியாதா?”

தேநீர் பொங்கி அடுப்பு அணைந்தது.

நான் அதை நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த வனத்துறை அம்மாவின் கணக்குப்படி அன்று சுடப்பட்டிருக்க வேண்டியது அந்தப் பன்றிதான், சுவரில் மாட்ட லாயக்கில்லாத, பெண்ணான, குட்டி போட்ட அந்தப் பன்றி. அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவின் காலும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்காக அன்று யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு விளக்குக்காக உட்கார்ந்திருந்தார்கள். கணக்கைச் சொல்லி அனுமதி வாங்கி, விளக்குக்காகச் சுடுகிறார்கள். நடுவில் எங்களைத் தட்டோடு நடக்க விடுகிறார்கள். ஊருக்குப் பன்றி குறைய வேண்டும் என்றால் அதை வேலையாகச் செய்யட்டும், வருத்தப்பட்டுக்கொண்டு செய்யட்டும். பெருமைக்காகச் செய்கிறவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெளிவாக இருக்கிறது. அந்தக் குட்டிகளைப் பார்த்த பிறகு, வேலையாகச் செய்தாலும் நான் அங்கே தட்டு அடிப்பேனா என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை.

கான்ட்ராக்டர் எங்கிருந்தோ ஒரு ஒற்றையின் தலையை விலைக்கு வாங்கி மாட்டிவிட்டார். எலக்ட்ரீஷியன் அண்ணன் விளக்கின் கோணத்தைச் சரிசெய்யப் போனபோது, அங்கே வந்த விருந்தாளிகளிடம் அவர் அந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஓடைப் புதர், வெடி, விசில் எல்லாம் இருந்ததாம். வாந்தியும் அத்தையும் மட்டும் இல்லையாம்.

அத்தை பழையபடி விடியற்காலையில் வேலைக்குப் போகிறாள். வாசலைத் தாண்டியதும் திட்டு தொடங்கும். சூப்பர்வைசர், குழாய், குப்பை என்று முக்கு வரைக்கும் கேட்கும். குப்பைத் தொட்டிகள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே பன்றிகள் இருந்தால் அவள் இப்போது கத்துவதில்லை. மதில் ஓரமாக ஒண்டி, அவை நகரும் வரை நிற்கிறாளாம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

பாயில் படுத்தபடி நான் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். திட்டு நிற்கிற அந்த இடத்தில் என் கை தானாக ஒரு கரண்டியைத் தேடும். அப்பாவும் தூங்கவில்லை என்பது, அவர் கட்டில் ஓரத்தில் ஊன்றுகோல் உரசுவதில் தெரியும்.

“கேட்டுச்சா?” என்பார்.

“இன்னும் இல்லப்பா.”

தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. எழுந்து கதவைத் திறந்து ஓடிவிடலாமா என்று தோன்றும். ஓடினால் அந்தச் சத்தத்தில் அவை எந்தப் பக்கம் பாயும் என்றும் தோன்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். பிறகு தூரத்தில் ஒரு பேருந்து உறுமிப் பின்வாங்கும். அதன் மேலே, மதிலைத் தாண்டி, அவள் குரல் வரும்.

“நில்லு!”

அப்பா மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.